எத்தனை ஈத்து?

பட்டணத்தில் மூன்று வருஷம் மாட்டு வைத்தியம் படித்துத் தேறிய கையோடு எனக்கு ஓர் ஆராய்ச்சி கொடுத்தார்கள். தாமிரபரணியின் கடைமடையில், ஏரலைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு பசுவும் எத்தனை ஈத்து ஈன்றிருக்கிறது, ஒரு ஈத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை மாதம் என்று கேட்டு எழுத வேண்டும். அறிக்கை பிடித்துவிட்டால் வடக்கே மலைமேல் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருஷ மேற்படிப்பு. இடம் ஒன்றுதான். தஞ்சாவூர்க்காரன் ஒருவனும் அதே இடத்துக்காகத் தன் பக்கத்து மாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்தைய சங்கதி இது.

எங்கள் மேலதிகாரியான துரை என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், நான் அந்தச் சீமையில் பிறந்தவன், என்னிடம் ஜனங்கள் எதையும் மறைக்கமாட்டார்கள் என்பது. நானும் அதை நம்பினேன். நம்பினேன் என்று சொல்வதுகூடப் பொய். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏனென்றால் கிளம்புவதற்கு முன்னாலேயே பாளையங்கோட்டையில் என் அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். எங்கள் வீட்டுச் சிவலைப் பசு எத்தனை ஈத்து என்று காகிதமும் பென்சிலுமாக அவளைக் கேட்டேன். ரெண்டு என்றாள். நாலு கன்றுக்கு நானே சீம்பால் குடித்திருக்கிறேன். அம்மா ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, திருஷ்டி கழிப்பதெல்லாம் அஞ்ஞானம் என்று பேசுகிறவள். நான் முறைத்ததும் குரலைத் தாழ்த்தி, "சபைக்காரி ஒருத்தி வாசல்ல நிக்கா, லே. பைய கேளு" என்றாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆன எங்கள் வீட்டிலேயே இந்த நிலை. அன்றைக்குச் சிரித்துவிட்டு ரயில் ஏறினேன்.

மார்கழியிலிருந்து பங்குனி வரை நடந்தேன். ஜனங்கள் நல்லவர்கள். மோர் கொடுத்தார்கள், இளநீர் வெட்டினார்கள், உட்காரக் கயிற்றுக் கட்டில் போட்டார்கள், பொய் சொன்னார்கள். தொழுவத்தில் மூன்று கிடேரிகள் ஒரே ஜாடையில் நிற்கும். தாய்ப் பசுவுக்கு ஒரே ஈத்துதான் என்பார்கள். பால் எவ்வளவு என்று கேட்டால் கன்றுக்கே காணாது என்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து தயிர் கடையும் சத்தம் கேட்கும். நான் ஒன்று என்று எழுதிக்கொள்வேன். அச்சடித்த படிவத்தில் கேட்டதை எழுதத்தான் கட்டம் இருந்தது. பார்த்ததை எழுதக் கட்டம் இல்லை.

ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பொலிகாளை இருந்தது. சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்ப் பசுக்களுக்கும் அதுதான் காளை. எந்த நேரத்தில் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் அவிழ்த்துவிடுவார். கொண்டுவந்தவர்கள் காளைக்கு ஒரு படி பருத்திக்கொட்டை வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற ஊர்களில் காளைகள் முட்டும். இது என் கையிலிருந்து உப்பை நக்கித் தின்றது.

அண்ணாச்சி நான்கு நாள் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கேட்டார்.

"சொன்னதையெல்லாம் எழுதுதீரே தம்பி, கொம்பைப் பாத்தீரா?"

தன் பசுவைப் பிடித்து நிறுத்தி, என் கட்டைவிரலை அதன் கொம்பின் அடியில் வைத்து மேலே தடவ வைத்தார். வரிவரியாக வளையங்கள். சினையும் பாலுமாய் உடம்புச் சத்து போகிற வருஷத்தில் கொம்பு சரியாக வளராமல் ஒரு பள்ளம் விழும். ஒரு ஈத்துக்கு ஒரு வளையம். ஒரு வருஷம் ஈனாமல் கிடந்தால் அந்த இடம் அகலமாக, வழவழவென்று இருக்கும். சந்தையில் கிழட்டுப் பசுவை விற்கிற தரகன் முதலில் அரத்தால் தேய்ப்பது அந்த வளையங்களைத்தான். "வீட்டுக்காரி பொய் சொல்லுவா. கொம்பு சொல்லாது" என்றார் அண்ணாச்சி.

எனக்குத் தெரியாத விஷயமா அது? பாடப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. பரீட்சையில் கேட்டார்கள், முழு மதிப்பெண் வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னை மாதிரி ஆளைப் பார்த்துச் சொன்னதுதான்.

அதன்பின் நாற்பது பசுக்களின் கொம்பை மட்டும் தடவிப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். வாயால் சொன்ன கணக்கில் பசுக்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஈன்றன. கொம்புகளின் கணக்கில் பெரும்பாலும் ஒன்றரை வருஷத்துக்கு ஒன்று. அந்தப் பசுக்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காளைக்கும் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க இன்னும் நான்கு மாதம் வேண்டும். அறிக்கையோ சித்திரைக்குள் போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூர்க்காரன் முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி குறைத்துச் சொன்னால் அதுவும் ஓர் அளவுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு நியாயம் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. வாயால் சொன்ன கணக்கை அழகான கையெழுத்தில் பட்டியல் போட்டு அனுப்பினேன். சின்ன நோட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தேன். விழுந்தது நான் மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமில்லை.

துரைக்குப் பட்டியல் மிகவும் பிடித்துவிட்டது. மேற்படிப்பு எனக்குத்தான் என்றார். அதோடு நில்லாமல் பட்டியலிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்தார். பசுக்கள் இவ்வளவு அரிதாக ஈன்றால் காளைகள் மட்டம் என்றுதானே அர்த்தம்? அந்த ஊர்க் காளைகளுக்கெல்லாம் காயடித்துவிட்டு, வடக்கேயிருந்து இரண்டு உயர்ந்த சாதிக் காளைகளைக் கொண்டுவந்து தாலுகா ஊரில் கட்டுவது என்று உத்தரவானது. நான் வடக்கே கிளம்புவதற்கு முன்னால் அந்தக் காரியத்தை முடித்துவிட்டுப் போக வேண்டும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் மேற்படிப்பு போயிருக்கும், அவ்வளவுதான். திறக்கவில்லை.

கிராம முன்சீப் சர்க்கார் உத்தரவு என்று சொன்னதும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணாச்சியின் ஊரில் ஆற்றங்கரை மருதமரத்தடியில் காளையைக் கட்டிச் சாய்த்தோம். ஊர் வழக்கப்படி கட்டையால் நசுக்காமல், மருந்துத் தண்ணீரில் கழுவிய கத்தியால் சுத்தமாகச் செய்யவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பிராணிக்கு வேதனை குறைவாம். அதுதான் என் ஜீவகாருண்யம்.

வேறு யார் பிடித்தாலும் மிரளும் என்று மூக்கணாங்கயிற்றை அண்ணாச்சியே பிடித்துக்கொண்டார். நான் குனிந்து கத்தியை வைக்கப்போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"பொறவு கொம்பைப் பாத்தீரா, இல்லியா?"

"பாத்தேன், அண்ணாச்சி."

"பாத்துமா?"

நான் என் வேலையைச் செய்தேன். புண் பதினைந்து நாளில் ஆறியது. சுத்தமான வேலை என்று துரை எழுதினார்.

இரண்டரை வருஷம் கழித்து, பெயருக்குப் பின்னால் நாலெழுத்து கூடி, அதே தாலுகாவுக்கு அதிகாரியாக வந்தேன். கொண்டுவந்த காளைகளில் ஒன்று முதல் மழைக்காலத்திலேயே செத்திருந்தது. இன்னொன்று தாலுகா ஊரில் கொழுத்து நின்றது. ஏரல் பக்கத்திலிருந்து அங்கே எட்டு மைல் நடக்க வேண்டும். பசு காளைக்குக் கத்துவது ஒரு நாள். வயல் வேலையை முடித்துப் பிடித்துக்கொண்டு போய், அங்கே முறை வருவதற்குள் பருவம் அடங்கிவிடும். தப்பித் தவறிச் சினை பிடித்த சின்னப் பசுக்களும் அந்தப் பெரிய கன்றை ஈன முடியாமல் செத்தன.

அதே படிவத்தோடு அதே வீடுகளுக்குப் போனேன். மோர் வரவில்லை. பாலிருந்தால்தானே மோர். முன்பு ரெண்டு ஈத்து என்று சொன்ன ஒரு பெண்பிள்ளை, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"அன்னைக்கு ரெண்டுன்னு சொன்னேன்யா. அஞ்சு ஈத்து அப்ப. பொறவு ஒண்ணுமில்ல."

குரலைத் தாழ்த்தவில்லை. தெருவில் போகிறவர்கள் காதிலும் விழட்டும் என்றே சொன்னாள்.

அண்ணாச்சி வயலில் உழுதுகொண்டிருந்தார். நுகத்தில் வலப்பக்கம் அந்த மயிலை. நான் உப்பை நீட்டினேன். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அண்ணாச்சி ஏரை நிறுத்தி, வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த தன் பசுவிடம் கூட்டிப்போனார். கொம்பின் அடியைக் காட்டினார். விரலை வைத்தேன். தோலை ஒட்டி இரண்டு விரல்கடை அகலத்துக்கு வளையமே இல்லை, வழவழவென்றிருந்தது. அதற்கு மேலே பழைய வளையங்கள் நெருக்கமாக இருந்தன.

"இப்ப எழுதிக்கிடும் வே" என்றார். "இப்ப ஒருத்தரும் பொய் சொல்லமாட்டாவ. கண்ணு பட என்ன இருக்கு?"

பென்சிலை எடுத்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.