பில்கிஸ் தொடாத ஜாடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆம்பூரில் முனீர் அகமதுவைப் பற்றி விசாரித்தால், தோல் மண்டி வாஹித் பாஷாவின் மகன், சென்னையில் பி.ஏ. படித்தும் தேறாத கேஸ் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தான். மீதி நேரம் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து வானத்தைப் பார்த்தான். தோல் ஊறும் தொட்டிக்கு அனுப்பினால் தண்ணீரில் தெரியும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் பில்கிஸ் விஷயத்தில் நாலு சாத்து சாத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பில்கிஸ் அவன் மனைவி. கல்யாணமான புதிதில் அவன் ஒரு மின்காட்டி செய்தான். ஒரு கண்ணாடி ஜாடி, வாயை அடைக்க அரக்கு, அரக்கின் நடுவே பித்தளைக் கம்பி. கம்பியின் நுனியில் தொங்கவிட மெல்லிய தகடு வேண்டும். கல்யாண இனிப்பின் மேல் ஒட்டியது போக மீந்த வரக் என்கிற வெள்ளித் தகடு வீட்டில் இருந்தது. மூச்சுப் பட்டாலே பறக்கும் அந்தத் தகட்டில் இரண்டு கீற்று வெட்டித் தொங்கவிட்டான். பட்டில் தேய்த்த கண்ணாடிக் கோலைக் கம்பியின் தலையில் வைத்தால் மின்னூட்டம் இறங்கும். இரண்டு கீற்றும் விலகி நிற்கும். தும்பி சிறகு விரித்த மாதிரி இருக்கிறது என்றாள் பில்கிஸ்.

ஆனால் சாயங்காலத்துக்குள் சிறகு மடங்கிவிடும். ஈரக் காற்றின் வேலை என்று நினைத்து, தோலில் மயிர் கழிக்க வைத்திருந்த நீற்றாத சுண்ணாம்பில் இரண்டு கட்டி எடுத்து ஜாடிக்குள் போட்டான். அது உள்ளே இருந்த ஈரத்தையெல்லாம் குடித்தது. அப்படியும் மடங்கியது.

மின்னூட்டம் தானாக அழியாது. இங்கே குறைந்தால் வேறெங்கோ போயிருக்க வேண்டும். இந்த விதியில் அவனை யாராலும் அசைக்க முடியாது. கம்பியின் தலையில் விரல் வைத்தால் போதும், அத்தனையும் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஜாடி இருக்கும் அறைக்குள் போகிறவள் பில்கிஸ் ஒருத்திதான்.

தூசி தட்டும்போது தொட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். மறுநாளும் கேட்டான். அவள் சத்தியம் செய்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜாடியையே பார்த்தான்.

அவள் பேரணாம்பட்டுக்குத் தாய்வீடு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று அவள் அண்ணன் அப்துல் சமத் வந்து சொல்லி, அவள் துணிமணிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

முனீர் கீற்றுகளை விரித்துவைத்து ஜாடியை அப்பாவின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மறுநாள் திறந்தபோது கீற்றுகள் மடங்கியிருந்தன. விதி சரிதான். அவன் பிடித்த ஆள்தான் தப்பு.

காலேஜில் அரைத்தூக்கத்தில் கேட்ட பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வானத்திலிருந்து அணுவைவிடச் சிறிய துகள்கள் ஓயாமல் வருகின்றன. போகிற வழியில் காற்றின் அணுக்களை உடைக்கின்றன. உடைந்த துணுக்குகள் தகட்டின் மின்னூட்டத்தைக் கொண்டுபோய்விடுகின்றன. இரும்பும் அந்தத் துகள்களைத் தடுக்காது.

கட்டிலில் படுத்தான். நனைக்காத ஒரு மழை ஓட்டுக்கூரைக்குள் புகுந்து, அவன் நெற்றிக்குள் புகுந்து, கட்டிலுக்கு அடியில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊறும் தோல்களின் மேல் பெய்தது, ரயிலடியில் தூங்குகிறவர்கள் மேல் பெய்தது, ஏலகிரி மேல் பெய்தது. பேரணாம்பட்டில் அழுதுகொண்டிருப்பவள் மேலும் அதே மழைதான். வெகுநேரம் சொக்கிப்போய்க் கிடந்தான். பிறகுதான் வெட்கம் வந்தது.

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினான். அவள் வீட்டு முற்றத்தில் எல்லாரும் பார்க்கக் கீற்றுகளை விரித்துவைத்தான். ஒருவரும் கிட்டே போகவில்லை. வெயில் சுவரேறிப் போகும்வரை அவனும் அவளும் ஜாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கீற்றுகள் மெல்ல மெல்ல மடங்கின. அவன் அந்த மழையைப் பற்றிச் சொன்னான்.

பில்கிஸ் முழுக்கக் கேட்டாள்.

"கண்ணுக்கே தெரியாதது ஒன்னு வானத்துலர்ந்து வருதுன்னு நம்புறீங்க. கண்ணெதிர்ல நின்னு சத்தியம் பண்ணவள நம்பல."

"ஆமா, நம்பல. என் தப்புதான்" என்றான்.

பில்கிஸ் துணிமூட்டையை எடுத்துவரும்படி அண்ணனிடம் சொன்னாள். கண்ணாடிக் கோலை எடுத்துத் தன் பட்டுத் துப்பட்டாவில் அழுத்தித் தேய்த்து, கம்பியின் தலையில் வைத்தாள். கீற்றுகள் விரிந்தன.

"இப்பதான் தொட்டேன்" என்றாள்.