பச்சைப் பைக் கிழவர்

பவானிபூரில் நடந்த புகைப்படக் கண்காட்சிக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை கேமரா கோஷ்டியோடு போயிருந்தேன். இரண்டு மணி நேரம் நின்றதில் கால் கடுத்தது; உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இவர்கள் படத்தை எங்கே பார்க்கிறார்கள்? என்ன லென்ஸ், என்ன அப்பர்ச்சர் என்றுதான் சண்டை.

கடைசியாக, லேக் மார்க்கெட் காப்பிப்பொடிக் கடைப் படம். வங்கியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் கண்ணைச் சுருக்கினார்.

“லைட்டிங் பிரமாதம் சார். பின்னாடி பச்சைப் பையோட தூங்கி வழிஞ்சுண்டு நிக்கறாரே ஒரு கிழவர், அவர்தான் கெடுக்கறார். க்ராப் பண்ணியிருக்கணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பிப்பொடிக்குக் காத்து நிற்கும் அந்தக் கிழவர் நான்தான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

“ஆமாம், வெட்டியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அதே பச்சைப் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.