சதுக்கத்தில் பின்னிய பெண்களும் என் மனைவியும்

லாரிக்குப் பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டு ஓர் அரக்கன் முகம் இருக்குமே, அதை வரைகிறவன் நான். சங்ககிரி ஷெட்டுகளில் முப்பது வருடமாக வரைகிறேன். ஆரம்பத்தில் வரைந்த முகங்களெல்லாம் என் சாயலிலேயே இருந்தன என்றும், திருஷ்டி கழிய அதைவிட நல்ல முகம் கிடைக்காது என்றும் டிரைவர்கள் சொல்வார்கள். ஆகவே குறியீடு என்ற விஷயத்தில் எனக்கு அதிகாரம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. ஆங்கிலத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து, பட்டம் வாங்காமலே எழுந்து வந்தவன் என்பது கூடுதல் தகுதி.

நான் விட்டுவிட்டு வந்த பட்டத்தை என் மனைவி ஐம்பது வயதில் தபாலில் படித்து வாங்கக் கிளம்பினாள். அவள் இளம்பிள்ளைச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள். தறியிலிருந்து வரும் சேலையில், முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலைக் கற்றை கற்றையாகப் பிரித்து முடிச்சுப் போட வேண்டும். மடியில் சேலை, பக்கத்தில் அகராதி. மற்ற தாள்களையெல்லாம் தாண்டிவிட்டாள். நாவல் தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது முறையும் போனால் பதிவுக் காலம் முடிந்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

அது ஒரு பழைய வெளிநாட்டு நாவல். புரட்சி நடக்கிறது. ஊர் நடுவில் ஒரு சதுக்கம், அங்கே தினமும் தலைகள் விழுகின்றன. பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பளி நூலில் எதையோ பின்னிக்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். அந்தப் பின்னல் எதற்குக் குறியீடு? இதுதான் தவறாமல் வருகிற கேள்வி.

கல்நெஞ்சுக்கு என்றது கைடு. நான் அத்தோடு விடுகிற ஆளா? ஊசி யமன், நூல் விதி, சிவப்புக் கம்பளி ரத்தம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வகுப்பெடுத்தேன். நூல் உருண்டைதான் பூமி என்று நான் சொன்ன இடத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, அவங்க என்னத்தப் பின்னுனாங்கன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?"

காலுறையோ என்னவோ, அதுவா முக்கியம் என்றேன். ஒரு மனுசன் சாகிறதைப் பார்த்துக்கொண்டே கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறதே, அந்தக் கல்நெஞ்சை எழுது, பாஸாகிவிடலாம் என்றேன். அவள் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"உனக்குத் தெரியாததா அம்மிணி? நான் அறுத்துக் கெடக்கையில வெளிய குஞ்சம் கட்டுனவ நீதான?"

இது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பதினோரு வருடத்துக்கு முன் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மணி நேரம். மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இவள் சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாளாம். பார்த்த நர்ஸ் என்னிடம் சொன்னார். நான் விடுவேனா? கல்யாண வீடு, காதுகுத்து எதுவாக இருந்தாலும் பந்தியில் இதைச் சொல்வேன். புருசன் போய்விட்டால் அடுத்த வேளைக்கு வழி வேண்டாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து போய் பீரோவிலிருந்து மயில்கழுத்துக் கலர் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். எனக்குத் தெரிந்த சேலைதான். முந்தானையில் பாதி தூரம் குஞ்சம் இருக்கும், மீதி கட்டாத நூலாகத் தொங்கும். பாதி மொட்டை என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான்.

"தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டேன். ஒரு கற்றைக்கு ஒரு முடிச்சுதான் வழக்கம். இதில் முடிச்சின்மேல் முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, நூல் தீர்கிறவரைக்கும். ஒவ்வொன்றும் மிளகு மாதிரி இறுகிக் கிடந்தது. வேலை கொடுத்தவர் இந்தச் சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லையாம், இவளே வைத்துக்கொண்டாளாம்.

"கைய சும்மா வெச்சிருந்தா அந்தக் கதவ ஒடச்சிருப்பனுங்க" என்றாள். பிறகு கடைசிக் கற்றையைக் காட்டினாள். அதில் ஒரே ஒரு முடிச்சு. "இதுலதான் டாக்டர் வெளிய வந்தாருங்க."

அதற்கப்புறம் வெறும் நூல்.

காபி போட்டுத் தருகிறேன் என்று எழுந்தேன். சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டேன். அவள் அதை முழுக்கக் குடித்தாள்.

பரீட்சைக்கு அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். சேலம் பஸ்ஸில் நான் கெஞ்சினேன். உன் மனசு எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் பேப்பர் திருத்துகிறவர் உன்னைக் கட்டிக்கொண்டவர் இல்லை, கைடில் இருக்கிறதையே எழுதிவிடு என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேள்வி வந்தது. பின்னிய பெண்களில் கல்நெஞ்சுக்காரிகளும் இருந்திருக்கலாம் என்று எழுதினாளாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் வீட்டில் இருக்க முடியாமல் வந்த ஒருத்தியும் உட்கார்ந்திருக்கலாம், அவள் பின்னியதை ஒருவராவது கையில் வாங்கித் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று முடித்தாளாம். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் திரும்புகிற பஸ் முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ். ஐம்பத்திரண்டு மார்க்.

போன மாதம் எருமப்பட்டியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் ஒருத்தர் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு வரிசை முன்னால் மயில்கழுத்துச் சேலை தெரிந்தது. முந்தானை நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பாடத்துல நான் பெயிலுங்க மச்சான்" என்றேன். "அங்க உக்காந்திருக்கறாளே, அவதான் பாஸ் பண்ணுனவ. அவளக் கேளுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தேன்.