துவான் ஹாஜியின் விறகு

அலமாரி நிறையப் புத்தகம் படித்த எனக்கு விறகு கேட்கத் தெரியவில்லை. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம்; பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். காய்ச்சலில் இறந்த அப்பாவைத் தகனம் செய்ய வேண்டும். தோட்டத்து மரத்தை வெட்டினால் ஜப்பான்காரன் நம்மை வெட்டுவான். பக்கத்துக் காடு மலாய்க்கார ஹாஜி ஒருவருடையது. பிணம் எரிக்க முஸ்லிம் விறகு தரமாட்டார் என்று நானே தீர்மானித்து, "சமைக்கக் கொஞ்சம் பொறுக்கிக்கட்டுமா, துவான்?" என்றேன்.

அவர் ஒரு கட்டுச் சுள்ளியையும் அதன்மேல் இரண்டு மரவள்ளிக்கிழங்கையும் வைத்து, "பிள்ளைங்களுக்கு அவிச்சுக் கொடு," என்றார். கிழங்கைப் பார்த்ததும் அழுகை வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா பொய் சொன்னே?" என்றவர், கோடரியோடு முன்னே நடந்து, காய்ந்த மரமொன்றைத் தாமே வெட்டினார்.

மறுநாள் மனைவியிடம் அவர் பெருமையைச் சொன்னேன்.

"அவ்வளவு நல்லவர்னா, காய்ச்சல்ல மாமா குளிருதுன்னு வெந்நீர் கேட்டப்பவே விறகு கேட்டுப் போயிருக்கலாமே," என்றாள்.