நிறைந்த ஜீப்பும் காலி ஜன்னலும்

எங்கள் மலையூர் புதூர்நாட்டில் ஜீப்புக்கு நேரம் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். அதனால் இரண்டு ஜீப் நின்றால் காலியாக இருப்பதில் யாரும் ஏறமாட்டார்கள். முக்கால்வாசி நிறைந்ததில்தான் நெருக்கி உட்காருவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் காலி ஜீப்பில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, மற்ற ஜீப் புறப்பட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோது இதற்கு நேரெதிரான பாடம் ஒன்று இருந்தது. நிறைய வேலைகள், அவற்றைச் செய்ய நிறைய கம்ப்யூட்டர்கள். கண்ணை மூடிக்கொண்டு வேலைகளை அனுப்பினால் சிலவற்றில் குவிந்துவிடும், சில சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் விசாரித்து அனுப்பினால் விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும். ஏதோ இரண்டை மட்டும் பார்த்து, அவற்றில் சுமை குறைந்ததற்கு அனுப்பினால் போதும், சுமை ஏறக்குறைய சமமாகிவிடும் என்றார்கள். பரீட்சையில் அப்படியே எழுதினேன். ஆனால் நம்பவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் கூடை முழுவதையும் புரட்டுகிறவள் நான்.

மகள் உட்காரப் பழகிய சமயம், ஒரு மதியம் அந்தப் பாடம் திரும்ப நினைவுக்கு வந்தது. புளி தட்டி எடுத்த கொட்டைகள் முறத்தில் கிடந்தன. அவள் கைக்கு எட்டாத தூரத்தில் ஆறு டம்ளர்களை வரிசையாக வைத்தேன். லூடோ பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய டம்ளரில் ஒரு கொட்டை போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் முட்ட நிறைந்து நின்றது, இன்னொன்றில் அடிதான் மூடியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடுத்த முறை பகடையை இருமுறை உருட்டி, இரண்டில் குறைவாக இருந்த டம்ளரில் போட்டேன். ஆறும் ஒன்றாக மேலேறின. பிறகு ஒரு கொட்டைக்கு மூன்று முறை உருட்டி, மூன்று டம்ளர்களை ஒப்பிட்டும் பார்த்தேன். அதனால் பெரிய லாபம் இல்லை. வரவேண்டிய லாபத்தில் முக்கால்வாசி அந்த இரண்டாவது பார்வையிலேயே வந்துவிட்டது. ஏன் அப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு கொட்டையும் டம்ளரில் ணங்கென்று விழுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் இமைக்கக்கூட இல்லை.

அதன்பிறகு கொட்டையும் போயிற்று, பாடமும் போயிற்று. பின்னால் நின்று கைதட்டினேன். ஒருமுறை திரும்பினாள், ஒருமுறை திரும்பவில்லை. உனக்குத்தான் எதிலும் சந்தேகம் என்றார் கணவர். அது உண்மைதான், ஆனாலும் மனது கேட்கவில்லை. ஊருக்கு வரும் செவிலியர், கீழே டவுன் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை உண்டு, குழந்தை தூங்கும்போதுதான் செய்வார்கள், வழியில் தூங்கவிடாதீர்கள் என்றார்.

டம்ளர், பகடைக் கதையையெல்லாம் என்னிடம் கேட்டுச் சிரித்திருந்த நாத்தனார் துணைக்கு வந்தாள். மலை இறங்கும் ஜீப்பில் குழந்தையைத் தூங்காமல் வைப்பது லேசில்லை. வளைவுக்கு வளைவு கண் சொருகியது. நாத்தனார் கன்னத்தைத் தடவினாள், பாடினாள், ஊதினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மகள் என் தோளில் துவண்டுகொண்டிருந்தாள். இப்போது தூங்கினால், சீட்டு வாங்கி உள்ளே போகும்போது விழித்துவிடுவாள். அப்புறம் இன்னொரு நாள்தான் வரவேண்டும்.

சீட்டு கொடுக்க நான்கைந்து ஜன்னல்கள். எங்கள் ஜீப்பில் வந்த அத்தனை பேரும் முதல் ஜன்னலின் நீண்ட வரிசையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். நாத்தனாரும் அதிலேயே நின்று கையசைத்தாள். தூணுக்கு இந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல் தெரிந்தது. மூன்றே பேர் நின்றிருந்தார்கள்.

"அங்க வா" என்றேன்.

"இன்னா அண்ணி, கூட்டம் இருக்குற எடத்துலதான் சீக்கிரம் ஆவும். அந்த ஜன்னலு இன்னிக்கு கெளம்புமா, இன்னான்னு யாருக்குத் தெரியும்?"

ஜன்னல் எங்கே கிளம்பப்போகிறது என்று நினைத்தாலும் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவள் சொல்வதுபோல அங்கே சீட்டு கொடுக்கவில்லை என்றால்? தூணுக்கு அப்பால் போய் மற்ற ஜன்னல்களையும் பார்த்துவிடலாமா என்று கால் துடித்தது. மகளின் தலை என் கழுத்தில் சரிந்தது. இரண்டைப் பார்த்தாயிற்று, போதும் என்று சிறிய வரிசையில் நின்றேன்.

"பகடை எடுத்தாந்தீங்களா அண்ணி?" என்றபடி அவளும் வந்து சேர்ந்தாள்.

சீட்டு கைக்கு வந்தபோதுதான் மகள் தூங்கிப்போனாள். காதில் சின்னக் குழாயைச் செருகியபோதும் அசையவில்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நம்பாமல் திரும்பக் கேட்டேன். கொட்டை போட்ட கதையையும் சொன்னேன்.

"கண்ணெதிர்ல தானம்மா போட்டீங்க? அது உங்க கைய பாத்துனு இருந்திருக்கும். வேடிக்கையில மூழ்கினா கொழந்த திரும்பாது."

திரும்பும்போது ஸ்டாண்டில் இரண்டு ஜீப் நின்றன. எதில் ஏறுவது என்று நாத்தனார் என்னைக் கேட்டாள். நெரிசலாக இருந்ததைக் காட்டினேன். "இங்க மட்டும் ஒங்க படிப்பு செல்லாதா?" என்று சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினாள்.

மறுநாள் டம்ளர்களை மறுபடி வரிசையாக வைத்தேன். இந்த முறை கொட்டைகளைப் பார்க்காமல் மகளின் கண்களைப் பார்த்தேன். பகடை உருண்டபோது அதைப் பார்த்தாள். பிறகு என் கையை. என் கை இரண்டு டம்ளர்களுக்கு நடுவே நின்றபோது, அவள் பார்வை இந்த டம்ளருக்கும் அந்த டம்ளருக்குமாகப் போய்வந்தது. கொட்டை விழுந்த சத்தத்துக்கு இமைக்கவில்லை. அடுத்ததற்காக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.