மதிய நிழலைப் பார்த்துவிட்ட மோதினார்

கண் தெரியாததுதான் முக்பிலுக்கு உத்தியோகத் தகுதி.

கெய்ரோவில் பாய் முடைவோர் தெருப் பள்ளிவாசலைக் கட்டிய சீமான், வக்ஃபு எனும் அறக்கொடைச் சாசனத்தில் விளக்கெண்ணெய் முதல் துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மினாராக் கோபுரத்தில் ஏறித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் பார்வையற்றவராக இருக்க வேண்டும். மேலே நின்றால் தெருவின் மொட்டைமாடிகள் அத்தனையும் தெரியும். மாடிகளில் பெண்கள் தலை உலர்த்துவார்கள். சீமானுக்கு நான்கு மனைவிகள். இது சாசனத்தில் இல்லை, தெருவுக்குத் தெரியும்.

முக்பிலுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து பதினாறு வருடம். அந்த வெள்ளையால்தான் தினம் மூன்று ரொட்டி, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் ஹுஸ்னா என்றொரு மனைவி. வேலை சுலபம். மினாரா மேலே அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை கீழே முற்றத்தில், நேரம் கணிக்கும் ஷேக் ஃபர்ஹூன் கையில். முற்றத்துத் தளத்தில் ஒரு கறுப்புக்கல் கோடு பதித்திருந்தது. மினாராவின் நிழல் அந்தக் கோட்டில் வந்து படுத்தால் உச்சிப்பொழுது. நிழல் நகர்ந்ததும் ஃபர்ஹூன் கயிற்றை இழுப்பார், முக்பில் குரலெடுப்பார்.

"நீர் கத்துறீர், அவ்வளவுதான். நேரத்தைப் பிடிச்சுக் கொடுக்கிறது நான்" என்பார் ஃபர்ஹூன். அவருடைய அப்பா வருடம் முழுவதற்கும் நாளுக்கு நாள் நிழல் எத்தனை அடி என்று கணக்குப் போட்டு வைத்த அட்டவணை அவரிடம் இருந்தது. "நீர் நிக்கிற மினாராவோட நிழல்தான். ஆனா உமக்குத் தெரியாது, பாவம்."

அந்தப் 'பாவம்' முக்பிலை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் காலடியிலிருந்து புறப்பட்டுப் போகும் ஒரு பொருள், தினமும் ஒரு கோட்டில் சொல்லிவைத்தாற்போல் வந்து படுக்கிறதாம். எப்படி?

மருத்துவமனைக்கு மோஸுலில் படித்த கண் வைத்தியர் ஸதகா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கைத்தடியை எடுத்தார். அங்கே யாரிடமும் காசு வாங்குவதில்லை. சும்மா கேட்டுவிட்டு வரலாமே என்றுதான் போனார்.

வைத்தியர் விளக்கை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "விளக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். திரி கருகுது."

"அது எப்படித் தெரிஞ்சது?"

"மூக்கு நல்லாத்தான் இருக்கு, ஹகீம்."

"வெளிச்சம் புரியுது, வெள்ளையும் முத்தியிருக்கு. எடுத்துடலாம்" என்றார் ஸதகா. நடுவில் துளையுள்ள ஊசியைக் கண்ணின் ஓரத்தில் செலுத்தி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினால் வெள்ளை வெளியே வந்துவிடுமாம். இளநீர் குடிக்கிற மாதிரி இதைச் சொன்னார்.

ஹுஸ்னா வீட்டில் ஒரே பிடியாக நின்றாள். "கண்ணு வந்தா வேலை போகும். வேலை போனா ரொட்டியும் இந்த அறையும் போகும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

"அந்த நிழல் அகலமா, ஒல்லியான்னு."

ஹுஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டது.

ஊசி முடிந்து, முட்டை மஞ்சள்கருவும் ரோஜா எண்ணெயும் வைத்துக் கட்டி, ஏழு நாள் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. எட்டாம் நாள் கட்டை அவிழ்த்து, "என்ன தெரியுது?" என்றார் வைத்தியர்.

"ஒரு மூக்கு. இவ்வளவு பெருசா இருக்கும்னு எதிர்பாக்கலை."

"குணமாயிடுச்சு. எழுந்து போம்."

கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் புகையாகத் தெரிந்தது. தூரத்தில் இருப்பது ஓரளவு தெளிந்தது. முக்பில் கைத்தடியை விடவில்லை. வழியில் இரண்டு கழுதைகள் மீது வேண்டுமென்றே முட்டிக்கொண்டார். மினாராவில் ஏறும்போது மாடிகள் பக்கம் திரும்புவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார். அதைக் காப்பாற்றவும் செய்தார். அவர் பார்த்தது முற்றத்தை.

நிழல் ஒல்லிதான். குளிர்காலமாதலால் நீண்டு கிடந்தது. நகர்வதே தெரியாமல் நகர்ந்து, கோட்டின் மேல் கச்சிதமாக வந்து படுத்தது. முக்பிலுக்கு உடம்பு சிலிர்த்தது. கோட்டைத் தாண்டியது. கயிறு அசையவில்லை. நன்றாகவே தாண்டியது. அப்போதும் அசையவில்லை. வாசலில் அவித்த அவரை விற்கும் அவரைக்காரன் பானையோடு வந்து கூவிய பிறகுதான் கயிறு இழுபட்டது.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாள் முக்பிலுக்குப் பொறுக்கவில்லை. நிழல் கோட்டை விட்டு விலகிய கணமே தொண்டையைத் திறந்துவிட்டார்.

பாங்கு முடிந்ததும் ஃபர்ஹூன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "கயிறே இழுக்கலை! யாரைக் கேட்டு ஆரம்பிச்சீர்? உமக்குக் கண்ணு தெரியுது! சாசனத்தை எடுக்கச் சொல்றேன் பாரும்!"

முக்பில் விரல்களை நீட்டினார். "ஷேக்கே, இது எத்தனை?"

"என்ன கேள்வி இது? மூணு."

முக்பில் நீட்டியிருந்தது ஒரு கையின் ஐந்தையும்.

அவர் கையை மெதுவாக மடக்கினார். "எவ்வளவு நாளா?" என்றார் முக்பில்.

"ரெண்டு வருஷம்." ஃபர்ஹூன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவரைக்காரன் வர்ற நேரம் கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கும். கோடைகாலத்துல ரொம்பச் சரியா இருக்கும்."

"ஸதகாகிட்ட போகலாம், வாரும்."

"போனேன்யா. இன்னும் முத்தலையாம். முத்துற வரைக்கும் காத்திருக்கணுமாம்."

இருவருமாகச் சேர்ந்து வக்ஃபு நிர்வாகியிடம் உண்மையைச் சொன்னார்கள். சாசனத்தில் கைவைக்க அந்த மனிதருக்குத் தைரியம் இல்லை. யோசிக்கவும் அதிக ஆசை இல்லை. "பாங்கு சொல்றவருக்குப் பார்வை இருக்கக்கூடாது, நேரம் பாக்கிறவருக்கு இருக்கணும். இடத்தை மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரொட்டி தப்பித்தது, ஹுஸ்னா முதன்முறையாகக் கண் வைத்தியரைப் புகழ்ந்தாள். எழுத்து புகையாகவே தெரிந்ததால், முக்பில் அட்டவணையை ஹுஸ்னாவின் அண்ணனைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். ஆனால் பாங்கு நேரம் வந்தால் கயிற்றை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேலிருந்து வருவது ஃபர்ஹூனின் குரல்.

எண்ணெய் காணாத நீரிறைக்கும் சக்கரத்தைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பத்தாம் நாள், மினாராவை ஒட்டிய வீட்டின் உம்மு வஹ்பான் முற்றத்துக்கே வந்துவிட்டாள். தெருவில் அவளுக்குப் பயப்படாதவர் இல்லை.

"இந்தக் குரலைக் கேட்டு என் மாடிப் புறாக்கள் போனது போனதுதான். இந்த ஆளை இறக்குங்க, பழையவரை ஏத்துங்க."

"உம்மா, எனக்கு இப்பக் கண்ணு தெரியும்" என்றார் முக்பில்.

"நாலு நாள் தெரிஞ்சுதானே மேல நின்னீர்? என்னத்தைப் பாத்தீர்?"

"நிழலை."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நம்புறேன். உம்ம மூஞ்சி அப்படி. பாய் முடையற தெருவுல பாய்க்கா பஞ்சம்?"

ஒரு வாரத்தில் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஆள் உயரத்துக்குப் பாய் மறைப்பு எழும்பியது. நிர்வாகியின் ஏட்டில் மட்டும் இன்றைக்கும் மோதினார் ஃபர்ஹூன், நேரம் பார்ப்பவர் முக்பில், சாசனம் மீறப்படவில்லை.

மதியத்தில் முக்பில் மேலே நிற்கிறார். கீழே முற்றத்தில் ஃபர்ஹூன், மணிக்கட்டில் கயிற்றோடு. நிழல் கோட்டில் படுத்ததும் முக்பில் ஒரு தரம் இழுக்கிறார்.

"வந்துடுச்சா?" என்று கீழிருந்து கேட்கிறார் ஃபர்ஹூன்.

"வந்துடுச்சு."

"ஒல்லியா இருக்கா?"

"ஒல்லிதான். நீளம் நேத்தைவிட ஒரு விரல் கம்மி, ஷேக்கே" என்று சொல்லிவிட்டு, நிழல் விலகியதும் முக்பில் காதில் கைவைத்துக் குரலெடுக்கிறார்.