பல்லிக்குக் கால் கட்டிய சைக்கிள் கடை

சைக்கிள் கடைக்காரன் உடைந்த எதையும் திருத்துவான் என்பது ஊரின் அசையாத நம்பிக்கை. நீங்களும் கடை வைத்து அவதிப்பட்டவர்களானால் இதை நான் விளக்கத் தேவையில்லை. அறுபதுகளில் என் கடை மாங்குளம் சந்தியில் இருந்தது. தையல் மெஷின், பெட்ரோமக்ஸ், குடை எல்லாம் என்னிடம் வந்தன. ஒருநாள் பல்லியும் வந்தது.

ஸ்டாண்டுக்கு அடியில்

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் கந்தையா அண்ணை சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார். ஈயைத் துரத்தி நிலத்துக்கு வந்திருந்த என் கடைப் பல்லி அதற்கடியில் அகப்பட்டுக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் பின்னங்கால் தொங்குகிறது. வால் தனியே கிடந்து துள்ளுகிறது. அண்ணையின் முகம் கறுத்துப்போயிற்று. பல்லிக்குக் கெடுதல் செய்தால் சும்மா விடாது என்பது அவர் எண்ணம்.

"தம்பி, டியூப்புக்கு ஒட்டுப் போடுறனியெல்லே, இதுக்கும் ஒண்டைப் போட்டுவிடு. பாவம் என்ரை தலையிலை வேண்டாம்."

சாப்பாட்டு ஏற்பாடு

நெருப்புக் குச்சியைச் சீவிக் காலுக்கு முண்டு கொடுத்து, நூலால் சுற்றினேன். இறுக்கினால் கால் அழுகும், தளர்த்தினால் கட்டு கழன்றுவிடும். சைக்கிள் டைனமோவைக் கழற்றும்போதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. பிறகு இனிப்புப் போத்தலைக் கழுவி, மூடியில் துளை போட்டு, நோயாளியைக் குடியேற்றினேன். இனி ஈ பிடிக்க வேண்டும். கிறீஸ் கையோடு நான் பாய்ந்து பாய்ந்து பிடிப்பதை, முல்லைத்தீவு மீனைச் சைக்கிள் பெட்டியில் கொண்டுவந்து விற்கும் சூசை அண்ணர் பார்த்துக்கொண்டு நின்றார். ஈ மொய்க்கும் மீன் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்.

"பிடியும் தம்பி, வேண்டியளவு பிடியும். மீனுக்கு மட்டுந்தான் விலை."

நல்ல பக்கம்

கொஞ்சம் தேறியதும் பல்லி சொல்லத் தொடங்கியது. அங்கேதான் வினை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என் கடை நிழலில்தான் ஒதுங்குவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்களுக்குத் தெற்குப் பக்கம் பல்லி சொன்னால் ஆகாது, கிழக்கே சொன்னால் நல்லது என்பார்கள். போத்தல் இருந்ததோ தெற்கு மூலையில். மகனுக்குப் பெண் பார்க்க ஓமந்தைக்குப் புறப்பட்ட பரமேஸ்வரி அக்கா, அது சொன்னதைக் கேட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினா. கூட வந்த மாப்பிள்ளை அழாத குறை. நான் போத்தலைத் தூக்கிக் கிழக்கே வைத்தேன். நன்றி கெட்ட பல்லி அதிசயமாக மறுபடியும் சொன்னது. அக்கா நின்று என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தா.

"தம்பி, அந்தப் போத்திலோடை நீரும் பஸ்ஸிலை ஏறும். பொம்பிளை வீட்டிலையும் நல்ல பக்கமாப் பாத்து வையும்."

சுவர்

கட்டை அவிழ்த்த அன்று கந்தையா அண்ணையும் வந்திருந்தார். சுவரேற முடியாத பல்லி, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைப் பூனைக்குத்தான் சாப்பாடு. அந்தப் பூனையும் வாசலில் வந்து குந்தியிருந்தது. பல்லியைச் சுவரில் விட்டேன். ஒரு முழம் ஏறியது, வழுக்கியது, தொப்பென்று விழுந்தது. பூனை பாய, அண்ணை சால்வையை உதறிக் குறுக்கே விழுந்தார். நான் பல்லியை அள்ளி மறுபடியும் வைத்தேன். இந்தமுறை காலை இழுத்து இழுத்து, கூரை முகட்டு வளை மரம் வரை போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணை அண்ணாந்து கனநேரம் பார்த்தார்.

"ஏறிட்டுது தம்பி. ஆனா ஒரு பக்கமா இழுக்குது. நீ திருத்தின சைக்கிள் எல்லாம் அப்பிடித்தானே."

கடை வைத்தவன் பல்லிக்கு வேலை செய்தாலும், பல்லி பேசாமல் போய்விடும், குறை சொல்ல மட்டும் ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்பார்.